உள்ளே ஈரம்

மேல்மலைப் பூண்டு விவசாயிகள் சங்கத்தின் முதல் தேர்தலில் கிளாவரை ஊர்க்காரன் ஜெயமுருகன் தோற்றான். சங்கத்தை ஆரம்பித்தவன் அவன். விதிமுறை எழுதியவனும் அவன். நான் டெனிஸ், பெருமாள்மலையில் பூண்டு, உருளைக்கிழங்கு கமிஷன் கடை வைத்திருக்கிறேன். இளவட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் வடுகபட்டிச் சந்தையில் மூட்டை தூக்கியவர்கள். அவன் தோற்றதற்கு நான்தான் காரணம் என்று மன்னவனூரிலிருந்து வடுகபட்டி வரைக்கும் பேச்சு. பேசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேசட்டும் என்று எங்கள் கடிதங்களை வரிசையாகக் கொடுக்கிறேன். அவனும் அவன் மனைவி கண்மணியும் சம்மதித்துவிட்டார்கள்.

*

பெருமாள்மலை
ஆகஸ்டு 19

அன்புத் தம்பி ஜெயமுருகனுக்கு டெனிஸ் எழுதுவது.

இங்கே நானும் கித்தேரியம்மாளும் ஆண்டவர் கிருபையில் சுகம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் குளிரோடு சேர்ந்து ஏறுகிறது. கண்மணிக்கு இருமல் நின்றதா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. திருமலைச்சாமியைப் பற்றி உனக்கு ஒரு வாய்ஸ் அனுப்பினேனே, ‘அந்த ஆளுக்கு நாற்காலின்னா போதும், கால் ஒடிஞ்சதா இருந்தாலும் உக்காந்துருவாரு’ என்று. நேற்று காலை டீக்கடையில் அதை என் முன்னாலேயே ஒருவன் போட்டுக் காட்டினான். கடை முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களில் திருமலைச்சாமியின் மைத்துனனும் ஒருவன். அவர் மன்னவனூரில் நிலபுலமுள்ள பெரிய சம்சாரி, எனக்குச் சரக்கு தருகிறவர், உன்னை எதிர்த்து நிற்கப் போகிறவர். என் நிலைமையை நீயே யோசித்துப் பார்.

உனக்கு அனுப்பியது உன்னைத் தாண்டி எப்படிப் போனது? உன்னைக் குறை சொல்லவில்லை. உன் போனை யார் யார் எடுக்கிறார்கள் என்று மட்டும் பார்.

இனிமேல் தேர்தல் பேச்சு போனில் வேண்டாம். தாளில் எழுதிச் செல்லப்பாண்டியிடம் கொடு. அவன் பிக்கப் தினமும் மேலே காலியாகத்தானே ஏறுகிறது. அவனும் வழியில் பிரித்துப் பார்க்க மாட்டான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அதனால் எல்லாவற்றையும் பூண்டாகவே எழுதுவோம். காய்ந்த பூண்டு என்றால் நம்முடைய ஆள். ஈரம் என்றால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் பேசுகிறவன். சொத்தை என்றால் அந்தப் பக்கம் போய்விட்டவன். புகை போட்டாச்சு என்றால் பேசி முடித்தாச்சு. யார் படித்தாலும் இரண்டு பேர் சரக்கு பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்து மடித்து வைத்துவிடுவான்.

உன் விதிமுறையைப் படித்தேன். ஏக்கருக்கு ஒரு ஓட்டு என்று திருமலைச்சாமி கேட்டதற்கு நீ மசியாமல் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று எழுதியது சரி. வியாபாரிக்கு ஓட்டே கிடையாது என்று எழுதியதில் எனக்கு வருத்தம், ஆனால் நியாயம் புரிகிறது. ஒன்று விட்டுப் போயிருக்கிறது. தலைவர் எத்தனை தடவை நிற்கலாம் என்று எழுதவில்லையே. இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று ஒரு வரி சேர். நீயும் மனுஷன்தான் தம்பி.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்
டெனிஸ்

*

முருகன் துணை

கிளாவரை
ஆகஸ்டு 27

பாசமுள்ள டெனிஸ் அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். கண்மணிக்கு இருமல் குறைந்திருக்கிறது. மதினியின் முழங்காலுக்கு யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில் செல்லப்பாண்டியிடம் கொடுத்திருக்கிறேன், நம் காட்டில் காய்ச்சியது.

வாய்ஸ் விஷயம் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் போனை வீட்டில் யாரும் தொடுவதில்லை. ஊருக்குள் டவர் கிடைக்காது என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏறி உட்கார்ந்துதான் கேட்டேன். அப்போது பக்கத்தில் இருந்தது சேனாதிபதி ஒருவன்தான். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சேனாதிபதி நமக்கு வேண்டியவன்தான். கீழத்தெரு மொத்தமும் அவன் சொன்னால் கேட்கும். இளவட்டங்கள் அவனை வேடிக்கைக்குத் ‘தலைவரே’ என்று கூப்பிடுகிறார்கள். வேடிக்கைதான். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் அண்ணே.

பூண்டு பாஷை நன்றாக இருக்கிறது. கண்மணியிடம் சொன்னதற்கு, ‘ரெண்டு பேரும் ஒருநாள் குழம்பிப் போகப் போறீக’ என்றாள். அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நிஜமான பூண்டைப் பற்றி எழுத வேண்டியிருந்தால் எப்படி எழுதுவது?

இரண்டு தடவை விதியைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு தடவை ஜெயிப்போம்.

தங்கள் அன்புத் தம்பி
ஜெயமுருகன்

*

பெருமாள்மலை
செப்டம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

சுகம். தைலம் தேய்த்தாள், கேட்கிறது என்கிறாள். வீடு முழுக்கத் தைலக் காடு மாதிரி மணக்கிறது. நீங்கள் எல்லாரும் சுகம்தானே?

நிஜப் பூண்டுக்குப் போன் இருக்கிறது. விலை, எடை, லோடு எல்லாம் எப்போதும் போலப் போனில் பேசுவோம், அதில் என்ன ரகசியம்? தாளில் வந்தால் ஆள், போனில் வந்தால் சரக்கு. கண்மணியிடம் இதைச் சொல்.

கிளாவரைச் சரக்கு எல்லாவற்றையும் உன் கொட்டகையில் சேர்த்து ஒரே லோடாக அனுப்புவது நல்ல ஏற்பாடு. வடுகபட்டியில் உன் ஊர்ப் பூண்டுக்குத் தனி மரியாதை வந்திருக்கிறது. ஒரே கவலை, ஒருவன் சரியாகப் புகை போட்டு உலர்த்தாமல் கலந்தால் மொத்தமும் கெடும். இது நிஜப் பூண்டு. பார்த்தாயா, நானே விதியை மீறிவிட்டேன்.

சேனாதிபதி விஷயம். சந்தேகம் இருந்தால் அவனிடமே கேட்டுவிடு. மனதில் வைத்துக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிடாதே.

டெனிஸ்

*

முருகன் துணை

கிளாவரை
செப்டம்பர் 22

அண்ணனுக்கு,

இங்கு எல்லாரும் சௌக்கியம். மாடு ஒன்று கன்று போட்டிருக்கிறது, சீம்பால் அனுப்ப முடியவில்லை, வழியில் கெட்டுவிடும்.

சரக்கு நிலவரம்: மேலத்தெரு எல்லாம் காய்ந்தது, குலுக்கினால் கலகல என்கிறது. பக்கத்து ஊர் கவுஞ்சியில் பாதிக்குப் பாதி ஈரம். சேனாதிபதி அங்கேயே கிடந்து புகை போட்டுக்கொண்டிருக்கிறான், வீட்டுக்கே வருவதில்லை, அவன் பெண்டாட்டி என் வாசலில் வந்து சண்டை போட்டுவிட்டுப் போகிறாள். பூண்டியில் இரண்டு வீடு சொத்தை. மற்றது தேறும்.

சேனாதிபதியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதானே சொல்வான்.

அப்புறம், திருமலைச்சாமி களத்தில் உங்கள் லாரி இரண்டு நாள் நின்றதாக மன்னவனூர்ப் பக்கம் ஒரு பேச்சு. நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஜெயமுருகன்

*

பெருமாள்மலை
அக்டோபர் 14

தம்பிக்கு,

சுகம். மழை விடவில்லை. அடுக்கம் ரோட்டில் மண் சரிந்து கெடக்கு, லோடெல்லாம் வத்தலக்குண்டு சுற்றிப் போகிறது. உன் பக்கம் டவரும் செத்துவிட்டது. செல்லப்பாண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறான், அதனால் சுருக்கமாக.

சேனாதிபதி சரக்கு ஈரம். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கிறது, உள்ளே ஈரம். புகை போட்டதாகச் சொன்னது பொய். உன் குவியலில் கலந்து வைத்திருந்தால் மொத்தமும் கெட்டுப் போகும். இன்றைக்கே தனியே எடுத்து வை. பழகியவன் என்று பார்க்காதே. மாதிரி செல்லப்பாண்டியிடம் இருக்கிறது, வாங்கிப் பார்.

டெனிஸ்

*

முருகன் துணை

கிளாவரை
அக்டோபர் 20

அண்ணனுக்கு வணக்கம். நலம்.

புரிந்தது. நீங்கள் எழுதியதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை. செல்லப்பாண்டியைத் தனியே கூப்பிட்டு, ‘சேனாதிபதி மாதிரி உன்கிட்ட இருக்காமே’ என்று கேட்டேன். முதலில் முழித்தான். அப்புறம், ‘மாதிரின்னா? முந்தாநாள் மழையில திருமலைச்சாமி ஜீப்புல ஏறி வந்தாரு, அதையா கேக்குறீக?’ என்றான். போதும், பிதுக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் தனியே எடுத்து வைத்துவிட்டேன். துணைத் தலைவர் இடத்துக்கு வேறு ஏற்பாடு. சரக்கு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனது.

உங்களுக்குத்தான் எவ்வளவு கூர்மை அண்ணே.

ஜெயமுருகன்

*

பெருமாள்மலை
அக்டோபர் 25

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம், கித்தேரியம்மாள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

தனியே வைத்தது நல்ல காரியம். பழக்கத்தைப் பார்த்திருந்தால் லோடு முழுவதும் திரும்பி வந்திருக்கும். சரக்கு பேசாமல் எழுந்து போனது என்று எழுதியிருந்தாய், படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். துணைத் தலைவர் ஏற்பாடு என்னவென்று விவரமாக எழுது.

ஈரத்தை நினைத்துக் கவலைப்படாதே. வீணாகப் போகாது. திருமலைச்சாமி களத்தில் புகைமேடை பெரிது. அங்கே ஏற்றினால் நாலே நாளில் தேறிவிடும். அவர் வாங்கிக்கொள்வார். நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.

தேர்தலுக்கு என் ஜெபம் உண்டு. ஓட்டுத்தான் இல்லை.

டெனிஸ்

*

கிளாவரை
நவம்பர் 18

மதிப்பிற்குரிய டெனிஸ் அவர்களுக்கு,

தோற்றுவிட்டேன். இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்ததோ என்னவோ.

சேனாதிபதி திருமலைச்சாமியோடு போய்ச் சேர்ந்தான். கீழத்தெரு மொத்தமும் அவன் பின்னால் போனது. கவுஞ்சியும் போனது. ஓட்டு எண்ணும்போது அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ‘அவர் வாங்கிக்கொள்வார்.’ ‘நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.’ எழுதியபடியே நடந்திருக்கிறது. தேர்தலுக்கு முன்னாலேயே இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? முதலில் அவனை நான் தள்ளிவிட வேண்டும், பிறகு அவர் அள்ளிக்கொள்ள வேண்டும். இதுதானே ஏற்பாடு?

லாரியைப் பற்றி எழுதினேன், பதில் இல்லை. திருமலைச்சாமியின் மொத்த அறுவடையையும் இந்த வருடம் நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று இப்போது மன்னவனூரே சொல்கிறது. நாம் மூட்டை தூக்கிய காலத்தில் நீங்கள் இப்படி இல்லை.

இனிக் கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு
ச. ஜெயமுருகன்

*

பெருமாள்மலை
நவம்பர் 21

ஜெயமுருகா,

உன் கடிதத்தின் தலையில் முருகனைக் காணோம், கண்மணியைக் காணோம், யாருடைய உடம்பையும் நீ கேட்கவில்லை. நான் கேட்கிறேன். சுகமாக இருக்கிறாயா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அது பூண்டு. நான் எழுதியது பூண்டு. தோல் உரித்துக் குழம்பில் போடுகிற பூண்டு! டவர் இல்லாததால் தாளில் எழுதினேன், உன் ஊரில் டவர் செத்துவிட்டது என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறேனே. வடுகபட்டியில் இறக்கும்போது சேனாதிபதி மூட்டையில் விரல் வைத்தால் நசநச என்கிறது. ஒரு மூட்டையை மாதிரிக்குக் கட்டிச் செல்லப்பாண்டி வண்டியில் போட்டு அனுப்பினேன். அதுதான் மாதிரி! நீ போய் அவனிடம் கதை கேட்டுவிட்டு வந்திருக்கிறாய். அந்த ஈரத்தைத் திருமலைச்சாமியின் புகைமேடையில் உலர்த்திவிடலாம் என்று நான் எழுதினால், ஆளையே அங்கே ஏற்றிவிட்டேன் என்கிறாய்.

எல்லார் முன்னாலும் நீ எழுப்பி அனுப்பியது சேனாதிபதியையா? துணைத் தலைவர் ஏற்பாடு என்று நீ எழுதியது எனக்கு வேறு செய்தியாகப் பட்டது.

லாரி. ஆமாம், திருமலைச்சாமி அறுவடையை வாங்கினேன். முழுக்க வாங்கினேன். நல்ல விலைக்கு வந்தது, விடுவேனா? நான் வியாபாரி. உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் நீ இப்படித்தான் எடுத்துக்கொள்வாய் என்று தெரியும். சொல்லாவிட்டாலும் இப்படித்தான் எடுத்துக்கொண்டாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் எழுத வேண்டாம், உனக்குள்ளே சொல்லிக்கொள். நிஜமாகவே நான் அவனைப் பற்றித்தான் எழுதியிருந்தேன் என்றே வைத்துக்கொள். இத்தனை வருஷம் உன்னோடு கஞ்சி குடித்தவன். ஒரே ஒரு துண்டுத் தாள். ‘அண்ணே, நெஜமாவா?’ என்று நீ திருப்பிக் கேட்கவில்லையே. ஏன்?

டெனிஸ்

*

இதற்குப் பதில் வரவில்லை. போன் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றது. கிறிஸ்துமஸுக்கு எப்போதும் போலக் கேக் அனுப்பினேன். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, உள்ளே ஒரு தாளும் இல்லை. பொங்கல் கழிந்து வந்த கடிதம் அவன் எழுதியதல்ல.

*

முருகன் துணை

கிளாவரை
ஜனவரி 23

டெனிஸ் அண்ணனுக்குக் கண்மணி எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருக்கிறோம். மதினிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? கேக்குக்கு நன்றி. அவுக தொடவில்லை, நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சாப்பிட்டோம்.

பொங்கலுக்குக் கொட்டகையை ஒழிக்கும்போது உரமூட்டைக்குப் பின்னால் ஒரு பூண்டு மூட்டை கெடந்தது அண்ணே. உங்கள் கடை நீலக் கயிறு. மூட்டையில் சேனாதிபதி வீட்டுச் சிவப்பு மை அடையாளம். சாக்கைக் கிழித்துக்கொண்டு பச்சையாக முளைத்திருந்தது. செல்லப்பாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டால், ‘பொரட்டாசிக் கடைசி மழையில டெனிஸ் அண்ணன் குடுத்து விட்டாரு, நனையாம இருக்கட்டும்னு உள்ளாற தள்ளுனேன், மாதிரின்னா மூட்டையின்னு எனக்கு என்ன தெரியும்’ என்கிறான். அவுகளும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். மூட்டையைப் பிரித்து ஒரு பூண்டை எடுத்து விரலால் அமுக்கினார்கள்.

செல்லப்பாண்டி இன்னொன்றும் காட்டினான். நாற்காலி வாய்ஸை. நீங்களே ‘பெருமாள்மலை லோடு’ குரூப்பில் போட்டது அண்ணே. உங்கள் பேர் போட்டு அதில் அப்படியே இருக்கிறது. இவுகளுக்கு அனுப்பிவிட்டு அங்கேயும் கை பட்டிருக்கும். அதில் நூறு டிரைவர் இருக்கிறார்கள். சேனாதிபதி அண்ணன் மேல் பழி வந்தது இதனால்தானே.

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு அவுக வாயால் பதில் வராது. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அந்த ஈரக் கடுதாசி வந்த அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் இருந்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவுக முகம் வாடவில்லை, தெளிந்திருந்தது.

இப்படி எழுதினேன் என்று அவுகளிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் சொல்லுங்கள்.

கண்மணி

*

முருகன் துணை

கிளாவரை
பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். மதினிக்குத் தைலம் இன்னொரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன்.

மூட்டை கிடைத்தது. பூண்டுதான்.

முளைத்ததை வீணாக்க மனமில்லை. கிணற்றடியில் நட்டு வைத்திருக்கிறேன்.

கீழத்தெரு வழியாக இப்போது நான் போவதில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் கடைக்குப் போகிறேன். நேற்று அங்கேயும் சேனாதிபதி எதிரில் வந்தான். நான் வேட்டி மடிப்பைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

நீங்கள் ஒரு தடவை மேலே வந்தால் நன்றாக இருக்கும். வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேண்டாம்.

தம்பி
ஜெயமுருகன்

*

பெருமாள்மலை
பிப்ரவரி 24

அன்புத் தம்பி ஜெயமுருகனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். தைலம் வந்தது. கண்மணிக்கு என் வணக்கத்தைச் சொல், அவள் எனக்கு எழுதினாள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இனி மறைக்க ஒன்றுமில்லை.

நேற்று கிளாவரைக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வராமலேயே இறங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சேனாதிபதி அப்படித்தான் சொன்னான். நடந்ததை எழுதுகிறேன்.

களத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும், “வாங்க மொதலாளி. விரல் வச்சுப் பாக்க வந்தீகளா?” என்றான். உட்காரச் சொல்லவில்லை. கவிழ்ந்து கிடந்த கூடை ஒன்றின் மேல் நானாகவே உட்கார்ந்தேன்.

பூண்டு பாஷை, டவர், கொட்டகையில் கெடந்த மூட்டை, நான் தப்பாகப் போட்ட வாய்ஸ், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பூண்டுக்குத் தாள் உரித்துக்கொண்டிருந்தான். முடித்ததும், “ரெண்டு பேரும் படிச்சவுக. பூண்டையும் ஆளையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிருக்கீக” என்றான்.

“சரக்கு ஈரம்தான்டா. அதுல நான் பொய் சொல்லல” என்றேன்.

“நான் எப்ப இல்லேன்னேன்? ஈரந்தான். ஏன் ஈரமுன்னு ஒருத்தர் கேட்டீகளா? பொரட்டாசி பூரா கவுஞ்சியிலயும் பூண்டியிலயும் உங்க தம்பிக்கு ஓட்டுக் கேட்டு அலைஞ்சேன். வீட்டுல எவன் ஏணி ஏறி அடுப்புக்கு மேல கட்டுவான்? எவன் புகை போடுவான்?”

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி குரல் கொடுத்தாள். “வெள்ளனே போனா ராவுக்குத்தான் வருவாக. பூண்டு பூசணம் புடிக்குதேன்னா, ‘ஜெயமுருகன் மொதல்ல செயிக்கட்டும்டி, பொறவு காயும்’பாக. நல்லாக் காஞ்சுச்சு!”

தம்பி, நான் என் கூடையை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“திருமலைச்சாமி ஜீப்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“மழைண்ணே. ஏறுனேன். நடந்து வந்திருந்தா சளிதான் புடிச்சிருக்கும்” என்றான். முதலாளி போய் அண்ணே வந்தது அப்போதுதான். அவன் பெண்டாட்டி காப்பி கொண்டுவந்தாள், குடித்தேன்.

அப்புறம் பேச வேண்டியதைப் பேசினோம். அவன் கேட்டான், நான் இழுத்துப் பார்த்தேன், கடைசியில் உனக்கும் சேர்த்து நானே சரி என்று சொல்லிவிட்டேன். பிடிக்காவிட்டால் என்னைத் திட்டு, அவனிடம் போகாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு இருந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு நீ கீழத்தெரு வழியாக நடந்து அவன் களத்துக்கு வர வேண்டும். சுற்றி வரக் கூடாது. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, ‘சேனாதிபதி, உன் சரக்கு காஞ்சது’ என்று சொல்ல வேண்டும். மன்னிப்பு, மாலை எதுவும் வேண்டாமாம். இந்த ஒரு வாக்கியம் போதுமாம். அதற்கு முன்னால் உன் வீட்டில் என் கால் படக் கூடாது என்றான். அதனால்தான் வராமல் போனேன்.

தலைவர் இரண்டு தடவைக்கு மேல் நிற்கக் கூடாது என்ற வரியை அடுத்த பொதுக்குழுவில் நீயே எழுந்து முன்மொழிய வேண்டும். அவன் வழிமொழிவான். திருமலைச்சாமி முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க அவனுக்கு ஆசையாம். சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எனக்கும் ஒரு நிபந்தனை. லோடு குரூப்பில் என் குரலிலேயே, நாற்காலி வாய்ஸைத் தப்பாகப் போட்டவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். இன்று காலையில் சொல்லிவிட்டேன். நூறு டிரைவரும் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார்கள்.

இனி நம் மூன்று பேருக்குள் கடுதாசி கிடையாது. யார் சரக்கு ஈரமாக இருந்தாலும், யார் மனசு ஈரமாக இருந்தாலும், எதிரில் நின்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் இது என் கடைசிக் கடிதம். கண்மணியைக் கேட்டதாகச் சொல், கன்றுக்குட்டியையும்.

உன் அண்ணன்
டெனிஸ்

பி.கு. மாசி அறுவடைக்குச் சேனாதிபதியோடு முடித்தது: கிலோ முந்நூற்று நாற்பது, எடை அவன் களத்தில், சாக்கு என்னுடையது, காயாதது அவன் பொறுப்பு. இது பூண்டு.